புளியங்கொட்டைக் களவெட்டி

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கூடம் இருக்கிறது, அங்கே மீசை முளைத்தவர்களைத் தினமும் ஒரு மணி நேரம் விளையாட வைத்த பிறகே பாடம் சொல்ல அனுப்புகிறார்கள் என்று எங்கள் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பார்த்து வாரும். பைத்தியக்காரத்தனமா, நாமும் செய்யலாமா, இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொண்டு வாரும்" என்றார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகக் கடல் தாண்டினேன். பார்த்ததை நேரம் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

திங்கட்கிழமை. ரயில் மட்டக்களப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தது. வழியில் யானை ஒன்று தண்டவாளத்தை விட்டு நகர மறுத்ததாம். கார்டிடம் காரணம் கேட்டேன். "யானை நிண்டா நாங்களும் நிக்கத்தானே வேணும் ஐயா. அதுக்கு மணிக்கூட்டக் காட்ட ஏலுமா?" என்றார். எங்கள் பக்கத்து ரயில் தாமதங்களுக்கு இவ்வளவு கௌரவமான காரணம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

என்னை அழைத்துப்போக வந்தவர் கதிராமத்தம்பி என்ற பயிற்சி மாணவர். மாணவர் என்றாலும் வயது முப்பத்துநான்கு. ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கும் தோள்கள். வடக்கே கடலோரத்துக் கதிரவெளியில் ஒன்பது வருஷம் சான்றிதழ் இல்லாமலே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே, "வணக்கம் ஐயா. பயணம் சுகமா? சாமான் எத்தின?" என்றார். நான் அவசரத்தில், "சாமான் மூன்று" என்று முதலில் சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப் போனார். சற்று நின்று, மறுபடியும், "பயணம் சுகமா?" என்றார். சுகம் என்றேன். முகம் தெளிந்து பெட்டிகளைத் தூக்கினார்.

வாவியைத் தோணியில் கடந்தோம். சூரியன் எழும் கடல் பக்கத்தை இவ்வூரார் எழுவான்கரை என்கிறார்கள். அது சாயும் வயல் பக்கம் படுவான்கரை. திசைகாட்டி இல்லாதவனும் பிழை விடமுடியாத பெயர்கள். பயிற்சிக் கூடம் படுவான்கரையில் இருந்தது. நடுவழியில் தோணி மணலில் தட்டி நின்றுவிட்டது. தோணிக்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியார்மார் ரெண்டு பேரும் இறங்கினா தோணி தன்பாட்டில மிதக்கும். படிப்புப் பாரம் கூடிப் போச்சு" என்றார். முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய தோல் சப்பாத்தை நான் கழற்ற மறந்திருந்தேன். கரை சேர்ந்தபோது இடது சப்பாத்தின் அடித்தோல் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது.

பகல் உணவுக்கு எருமைத் தயிர் வைத்தார்கள். சமையல் பொறுப்பில் இருந்த தெய்வானையம்மா சட்டியை என் கண்முன் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. தேங்காய்ச் சம்பலும் இருந்தது. நான் சைவ உணவுக்காரன் என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். சம்பலை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு விளையாட்டு மணி. இருபத்திரண்டு பயிற்சி மாணவர்கள் வெறும் மேலோடு முற்றத்தில் நின்றார்கள். கூடத்தின் தலைவர் பூபாலபிள்ளை என் வயதுக்காரர், ஒல்லி, பேச்சில் ஓர் அவசரம் உண்டு. தரையில் கிளித்தட்டுக் கோடுகள் கீறியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆடும் தட்டுக்கோடுதான் அது. ஒரு கட்சி கோடுகளைக் காக்க, மறு கட்சி தொடப்படாமல் அவற்றைக் கடக்க வேண்டும். ஆனால் இங்கே ஒவ்வொரு குறுக்குக் கோட்டுக்கும் ஓர் ஆற்றின் பெயர். அந்தக் கோட்டில் பிடிபட்டவன் அந்த ஆற்றங்கரை ஊர்களை வரிசையாகச் சொன்னால்தான் உள்ளே திரும்பலாம். என்னையும் இறக்கினார்கள். மகாவலி கங்கையில் பிடிபட்டேன். ஓர் ஊரும் தெரியவில்லை. ஏழு நிமிஷம் வெளியே நின்றேன்.

எங்கள் பள்ளியில் பயிற்சியின் முதல் நாள் மேடையில் நிற்கும் விதத்தைச் சொல்லித்தருவோம். குதிகால்கள் சேர்ந்திருக்க வேண்டும், சுண்ணக்கட்டி வலக்கையில், பார்வை கடைசி பெஞ்சில். பதினொரு வருஷமாக அதைச் சொல்லித்தருபவன் நான்தான். இங்கே முதல் நாள் தோற்கச் சொல்லித்தருகிறார்கள்.

அதற்கு ஒரு விதியும் உண்டு. எந்த விளையாட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகுமுன், பயிற்சி மாணவர் அதில் மற்றவர்கள் முன்னால் மூன்று முறை தோற்றிருக்க வேண்டும். தோற்றபோது மனத்தில் பட்டதை ஒரு கொப்பியில் எழுதவேண்டும். சில கொப்பிகளை வாசிக்கத் தந்தார்கள். ஒருவர் கொக்கானில், அதாவது நம் தட்டாங்கல்லில், தோற்றதை எழுதியிருந்தார்: 'எல்லாரும் சிரித்தார்கள். காது சூடானது. அடுத்த முறை கல்லைப் பிடிக்காமல் எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன், அதனால் மீண்டும் தவறவிட்டேன். கணக்குப் பிந்திய பிள்ளையை நான் இனிப் பலகைக்குக் கூப்பிட மாட்டேன்.' இந்த நான்கு வரியை ஒரு பயிற்சி மாணவனிடமிருந்து பெற நான் எத்தனை விரிவுரை செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

"எல்லாரும் தோற்கப் பழகிவிட்டார்களா?" என்று பூபாலபிள்ளையிடம் கேட்டேன்.

"ஒராள் மட்டும் இன்னும் பழகல்ல" என்று கதிராமத்தம்பியைக் காட்டினார். "மனிசன் நல்லவர். ஆனா எல்லாத்தையும் முன்னமே எழுதி, பாடமாக்கி, மறுகா அதப் பாத்துத்தான் சிரிக்கிறதும். எழுதாத ஒண்டு நடந்தா ஆள் மரம்."

மாலையில் கதிராமத்தம்பியே எனக்கு விவரம் சொன்னார். சான்றிதழுக்கு முன் கல்விப் பரிசோதகர் முன்னிலையில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மூன்று தடவைதான் வாய்ப்பு. முதல் தடவை ஒரு பிள்ளை அவர் குறிப்பில் இல்லாத கேள்வி கேட்டது. நான்கு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டாம் தடவை வகுப்புக்குள் ஆடு ஒன்று புகுந்து தேசப்படத்தைத் தின்றது. ஆட்டை விரட்டுவதா, பாடத்தை நடத்துவதா என்று தெரியாமல் நின்றதில் மணி அடித்துவிட்டது. மூன்றாவது வருகிற வெள்ளிக்கிழமை.

"தவறினா?" என்றேன்.

"கதிரவெளிப் பள்ளிக்குச் சான்றிதழ் உள்ள வேற ஆளப் போட்டிருவாங்க ஐயா. ஒன்பது வருசம் படிப்பிச்ச இடம். எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியா. மூணு புள்ளையள். பெஞ்சாதிக்கு ரெண்டு தரம் கடதாசி எழுதிட்டன், தவறிட்டன் எண்டு. மூண்டாம் கடதாசிய எப்படி எழுதிற?"

அவருடைய பாடக் குறிப்பைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. நானும் குறிப்பு எழுதியே வாழ்பவன் ஆதலால் உற்சாகமாகி, ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் போட்டுக் கொடுத்தேன். எட்டு மணி முதல் எட்டு நான்கு வரை இது, எட்டு நான்கு முதல் எட்டு ஒன்பது வரை அது. அவர் கண்கலங்க நன்றி சொன்னார். பூபாலபிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "உங்கட கை பட்டு இன்னும் இறுகிப் போச்சு ஐயா" என்றார். நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. எண்ணிக்கைப் பாடத்துக்குச் சிப்பி பொறுக்கக் கல்குடாக் கடற்கரைக்குப் போனோம். ஏறாவூர் மொகைதீன் காக்காவின், அதாவது மொகைதீன் அண்ணனின், பஸ். தன்னாமுனையைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பி, பஸ் நின்றது. காக்கா இறங்கி மூடியைத் திறந்து முகத்தைச் சுளித்தார். "தண்ணி கேக்குதுங்க. மனிசரப்போலதான் இதுவும். கத்திக் கத்திக் கேட்டாத்தான் குடுப்போம்" என்றார்.

கிணறு இருநூறு அடி தள்ளி இருந்தது. வாளி இல்லை, இருந்தவை ஆறு சிரட்டைகள். எங்கள் ஊரானால் கண்டக்டரைத் திட்டிவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்போம். இவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, சிரட்டைத் தண்ணீரைக் கைமாற்றி ஓடி, எந்தக் கட்சி கூட ஊற்றுகிறது என்று பந்தயம் வைத்தார்கள். வழியில் சிந்தியதை எப்படிக் கணக்கிடுவது என்று நடுவிலேயே விவாதம் வேறு. பஸ்ஸிலிருந்த ஓர் ஏறாவூர் வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோற்கிற கட்சியில் சேர்ந்தார். முப்பத்தைந்து நிமிஷத்தில் பஸ் புறப்பட்டது. "நாளைக்கும் இதே பஸ்ஸில வாங்க. நான் தண்ணி ஊத்தாமலே கொண்டு வாறன்" என்றார் காக்கா.

கல்குடாவில் கதிராமத்தம்பி தம் பாடத்தை ஒத்திகை பார்த்தார். மற்றவர்கள் மணலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். பாடம் நெற்களத்தில் நடக்கும் பங்கீடு. ஐந்தாவது நிமிஷத்தில் ஒருவர் வேண்டுமென்றே, "வாத்தியார், என்னை நண்டு கடிச்சிட்டு!" என்று கத்தினார். கதிராமத்தம்பியின் வாய் திறந்தது. மேல்துண்டின் நுனி கைக்கு வந்தது. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்க முடியாமல் கடலைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து சாப்பிடும்போது சம்பலின் ருசிக்கு என்ன காரணம் என்று தெய்வானையம்மாவிடம் கேட்டு வைத்தேன். "மாசிதான் ஐயா. மாசி இல்லாட்டி அது சம்பலா? வெறும் தேங்காப்பூ" என்றார். மாசி என்பது மாலைத்தீவிலிருந்து வரும் உலர்ந்த மீன் என்று மற்றவர்கள் விளக்கினார்கள். இதுவரை ஆறு வேளை சாப்பிட்டிருந்தேன். அந்த வேளை சம்பலைத் தொடவில்லை. வியாழக்கிழமை காலையில் தொட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வியாழன் முழுவதும் களம் செய்வதில் போனது. அறுவடைக் காலமாகையால் சுற்றியுள்ள வட்டைகளில், அதாவது பெரிய வயல்வெளிகளில், சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் களவெட்டி, அதாவது எருமை மிதித்து நெல் பிரிக்கும் களம், தெரியும். அதனால்தான் கதிராமத்தம்பி இந்தப் பாடத்தை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. கூடத்தை ஒட்டிய சிறு பள்ளியின் முற்றத்தில் பன்னிரண்டடி வட்டம் ஒன்று சாணத்தால் மெழுகப்பட்டிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. நடுவே ஒரு கம்பு. நெல்லுக்குப் பதில் புளியங்கொட்டை. கதிர் அறுக்கும் வெட்டுக்காரர் ஏழு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு கொட்டை கொண்டு வந்து குவித்தார்கள். நான்கு பிள்ளைகள் எருமைகளாகிக் கம்பைச் சுற்றினார்கள். ராசன் என்ற குண்டுப் பையன் துவாயைத் தோளில் போட்டு நிலக்காரப் போடியார் ஆனான். செல்லையா அளக்கிறவன். தங்கம் என்ற எட்டு வயதுப் பெண் களங்காவல். கையில் ஒரு கம்போடு வட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அளந்த பொலியில், அதாவது குவியலில், பாதி போடியாருக்கு. மீதி, பயிரிட்ட வயற்காரராக நின்ற மூன்று பிள்ளைகளுக்குச் சமபங்கு. ஒரு பாடத்துக்குள் பெருக்கலும் வகுத்தலும் வந்துவிடும்.

பரிசோதகர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பளபளக்கும் சப்பாத்து, மடியில் அச்சிட்ட தாள். விருந்தாளி என்று எனக்கும் பக்கத்தில் நாற்காலி. "என்ன மாஸ்டர் உது? பள்ளிக்கூடமோ, களமோ?" என்றார்.

முதல் பதினான்கு நிமிஷம் நான் போட்டுக் கொடுத்த நேரப்படி நடந்தது. எருமைகள் மூச்சு விட்டன. செல்லையா சிரட்டையால் அளந்தான், சிரட்டைக்குப் பன்னிரண்டு. அளந்ததைத் தனித்தனிக் குவியலாகத் தரையில் கொட்டினான். முதல் சிரட்டையை ஒன்று என்னாமல், "லாபம்" என்றான், எங்கள் ஊர்க் களத்தில் போலவே. "ரெண்டு, மூண்டு…" ஏழாவதும் நிறைந்தது. கதிராமத்தம்பியின் குரல் நடுங்கவில்லை. ஆனால் ஐந்தாவது குவியலில் குறைவு இருப்பதாக எனக்குப் பட்டது. நாற்காலியிலிருந்து சரியாகத் தெரியவில்லை. வாழ்நாள் பழக்கம் என்னை எழுப்பிவிட்டது. நேரே நடந்து வட்டத்துக்குள் போய், குவியல்களுக்கு நடுவே குனிந்து அதை எண்ணினேன். பன்னிரண்டு சரியாக இருந்தது.

நிமிர்ந்தபோது எல்லாரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சப்பாத்தோட களவெட்டிக்க வந்திட்டார்!" என்றாள் தங்கம்.

எருமைகள் நின்றன. "பொலி போயிரும்கா" என்று ஓர் எருமை மெல்லச் சொன்னது. போடியார் ராசன் துவாயை எடுத்து மடித்தான். "இனி ஏலா. களம் கெட்டுப் போச்சு" என்று வட்டத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக எல்லாரும் வெளியேறினார்கள்.

உண்மைக் களமானால் வரப்பிலேயே கழற்றிவிட்டிருப்பேன். எங்கள் பக்கத்திலும் களத்தில் காலணி ஏறாது. இது விளையாட்டுத்தானே என்று நினைத்தேன். ஐந்து நாளாக விளையாட்டைக் குறிப்பெடுத்தவன் அதை நம்பியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நம்பியிருந்தார்கள்.

வெளியே வந்து சப்பாத்தைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தேன். நான் ஒரு வார்த்தை பேசினாலும் அது அவருக்கு உதவி செய்ததாகிவிடும். கதிராமத்தம்பியின் வாய் திறந்திருந்தது. துண்டின் நுனி விரலில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. பூபாலபிள்ளை சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பரிசோதகர் பென்சிலைத் தாளில் ஊன்றினார். கதிரவெளிக்குப் போகவேண்டிய மூன்றாவது கடிதத்தை நான் எழுத வைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது நிமிஷத்தில் கதிராமத்தம்பி, அவ்வளவு பெரிய உடம்போடு, தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல, புள்ளையள்" என்றார். "களம் கெட்டா உங்கட அப்பச்சிமார் மறுகா என்ன செய்வாங்க?"

எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். பொலியைக் கொட்டிவிட வேண்டும் என்றான் ஒருவன். "கொட்டினா நாம என்னத்தடா தின்னிற?" என்றாள் தங்கம். தண்ணீர் தெளித்தால் போதும் என்றது ஓர் எருமை. கடைசியில் செல்லையா தீர்ப்புச் சொன்னான்: தண்ணீர் தெளிக்கவேணும், திரும்பச் சூடடிக்கவேணும், திரும்ப அளக்கவேணும். "கெடுத்த ஆள்தான் எருமை."

கதிராமத்தம்பி என்னைப் பார்த்தார். அதில் மன்னிப்பும் இருந்தது, வேண்டுகோளும் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினேன்.

"இஞ்ச பாருங்கடா, எருமைக்கு மூக்குக் கண்ணாடி!"

"கிழட்டு எருமை மனே, மெல்லத்தான் நடக்கும்."

"கிறுகு! கிறுகு!" என்று தங்கம் கம்பால் என் முதுகைத் தட்டினாள். மூன்று சுற்று. மூச்சு விடவில்லை என்று நாலாவது சுற்றும் சுற்ற வைத்தார்கள். மூச்சு விட்டேன். பரிசோதகருக்கு இருமல் வந்தது போலிருந்தது. முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செல்லையா திரும்ப அளந்தான். ஆறு சிரட்டை நிறைந்தது. ஏழாவதில் பதினொன்று.

"எண்ணத் தெரியாதவன்" என்றான் போடியார்.

"நீ எண்ணு பாப்பம்!" போடியாரும் எண்ணினான். பதினொன்றுதான்.

"எண்பத்திமூண்டெண்டா பாதி பிரிக்க ஏலா" என்றான் செல்லையா. "மிஞ்சிற ஒண்டு எனக்கு" என்றான் போடியார். "உனக்கு ஏன்?" என்று மூன்று வயற்காரரும் எழும்பினார்கள். கதிராமத்தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நில்லுங்க. எத்தின இருக்கவேணும்?" என்றார்.

"ஏழு பேர் பன்னிரண்டு பன்னிரண்டு. எண்பத்திநாலு" என்றாள் தங்கம்.

"இருக்கிறது?"

"எண்பத்திமூண்டு."

"அப்ப மற்றது எங்க?"

தங்கம் வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "உள்ளுக்கு இல்ல. நாங்க எல்லாரும் வெறுங்கால். முதல் அளக்கக்குள்ள சரியா இருந்திச்சு. அதுக்குப் பிறகு களத்துக்க வந்திட்டு வெளியில போனது ஆர்?" என் பக்கம் திரும்பினாள். "இவர்தான். சப்பாத்தக் கொண்டாங்க."

அத்தனை பிள்ளைகளும் எங்கள் நாற்காலிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். "துரையும் காலத் தூக்குங்க" என்றான் ஒரு வயற்காரன். பரிசோதகர் கட்டாயம் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கினார். அங்கே ஒன்றும் இல்லை. என் இடது சப்பாத்தின் பிளந்த அடித்தோலில், ஈரச் சாணத்தோடு ஒட்டி, ஒரு புளியங்கொட்டை இருந்தது. அதைத் தங்கம் தூக்கிக் காட்டியபோது எழுந்த கூச்சல் வாவியின் மறுகரைக்குக் கேட்டிருக்கும்.

போடியாருக்கு நாற்பத்திரண்டு. வயற்காரருக்குப் பதினான்கு, பதினான்கு, பதினான்கு. மிச்சமில்லை. பாடம் ஒன்பது நிமிஷம் கூடுதலாக ஓடியிருந்தது.

பரிசோதகர் தங்கத்தைக் கூப்பிட்டார். "தொண்ணூற்றாறு கொட்டை எண்டால்?"

அவள் விரலை மடக்கினாள். "போடியாருக்கு நாப்பத்தெட்டு. மத்த மூண்டு பேருக்கும் பதினாறு பதினாறு. உங்களுக்கு ஒண்டுமில்ல ஐயா. நீங்க வேலை செய்யல்லையே."

"சரி, போ" என்றார். பிறகு கதிராமத்தம்பியிடம் திரும்பினார். "ஒண்டு கேக்கிறன். இந்த மாஸ்டர் சப்பாத்தோடை உள்ளுக்கு வந்தது நீர் முந்தியே ஒழுங்கு பண்ணி வைச்சதோ?"

குறிப்பிலிருந்து விலகினால் மதிப்பெண் குறையும் என்பது எல்லா இடத்திலும் உள்ள விதி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நானும் ஆம் என்று தலையாட்டத் தயாராக இருந்தேன். என் வாழ்வில் பொய்ச் சாட்சிக்கு அவ்வளவு கிட்டப் போனதில்லை.

"இல்ல ஐயா" என்றார் கதிராமத்தம்பி. "எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. அதான் புள்ளையளட்டக் கேட்டன்."

பரிசோதகர் நீண்ட நேரம் எழுதினார். எழுதி முடித்துத் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். "குறிப்பின்படி நடந்ததோ? இல்லை. நேரத்துக்கு முடிந்ததோ? இல்லை. வகுப்பில் அமைதி இருந்ததோ?" தலையை ஆட்டினார். "மூண்டு இடத்திலையும் பிழை போட்டிருக்கிறன். நாலாவது, பிள்ளைகள் படிச்சதுகளோ எண்டு. அதிலை சரி. இந்தத் தாளில் என்ரை கையெழுத்து நாலாவதுக்குக் கீழைதான் வரும்." கையெழுத்துப் போட்டார். "கதிரவெளிக்கு எழுதும், வாறன் எண்டு."

கதிராமத்தம்பி தாளை வாங்கி வாசித்தார். பிறகு மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மடித்து மடியில் வைத்தார், உடனே எடுத்து மறுபடி வாசித்தார். பூபாலபிள்ளை சுவரை விட்டு வந்து அவர் தோளில் கை வைத்தார். பரிசோதகர் தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

எங்கள் தலைமையாசிரியர் இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதக் கேட்டிருந்தார். அந்த முற்றத்திலேயே நின்று, 'நாமும் செய்யலாம். நான் முதலில் தோற்கிறேன்' என்று எழுதி மூடினேன்.

பிள்ளைகளுக்கு இந்தத் தாளும் கையெழுத்தும் ஒன்றும் விளங்கவில்லை. கொட்டைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அதுதான் அவர்களுக்குக் காரியம். கதிராமத்தம்பி களத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எண்ணி ஒரு சட்டியில் போடத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். "எழுபத்தொன்பது. எண்பது. எண்பத்தொண்டு." நிறுத்தினார். மடியைத் தொட்டுப் பார்த்தார். "எண்பத்தொண்டு…"

"எண்பத்தொண்டு முன்னமே சொல்லிட்டிங்க வாத்தியார்" என்றாள் தங்கம்.

"ஓம் புள்ள, பிழைச்சிட்டன்" என்று சிரித்தார். சட்டியைத் தரையில் கவிழ்த்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.